குட்டி யானை முதுகில் இரட்டைச் சுமை! அபராதம் வந்தால் யார் தலையில்?

விடியற்காலை 4 மணிக்கு கோயம்பேடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வரிசையாக வண்டிகள் வெளியே வரும். காய்கறி மூட்டை, வாழைத்தார், வெங்காய மூட்டை. செங்குன்றம் பக்கம் போனால் அரிசி மூட்டை. இரும்புக் கடை, சிமெண்ட் கடை, டைல்ஸ் கடை என்று எங்கே பார்த்தாலும் ஒரே வண்டிதான் நிற்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘டாடா ஏஸ்’. ஜனங்கள் வைத்த பெயர் ‘குட்டி யானை’.

"இன்னும் அஞ்சு மூட்டை போடுப்பா, தாங்கும்!"

இந்தக் குரல் கேட்காத மார்க்கெட் கிடையாது. சொல்பவர் சரக்கு வாங்கிய அண்ணாச்சி. கேட்பவர் வண்டி டிரைவர். "முதலாளி, வேணாம், பட்டை உடைஞ்சிடும்" என்று அவர் ஒரு தடவை சொல்வார். இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த நடை வேறு வண்டிக்குப் போய்விடும்.

அந்த வண்டி எவ்வளவு தாங்கும்? 2005-ம் ஆண்டு முதன் முதலில் சந்தைக்கு வந்தபோது அதற்குச் சொன்ன சுமை 750 கிலோ. எஞ்சின் 702 சி.சி., 2 சிலிண்டர், 16 குதிரை சக்தி. பிறகு பல மாடல்கள் வந்துவிட்டன. மாடலுக்கு மாடல் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் 750 கிலோ என்று மனதில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்து பாருங்கள். தலை சுற்றும்!

15 மூட்டைதான்!

சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ. 15 மூட்டை போட்டால் 750 கிலோ ஆகிவிட்டது. வண்டியில் பாதித் தொட்டி காலியாக இருக்கும். ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே’ என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். 25, 30 மூட்டை ஏறுகிறது. 30 மூட்டை என்றால் 1½ டன். சரியாக இரண்டு மடங்கு.

வீட்டுக்கு வரும் கியாஸ் சிலிண்டரில் கியாஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. ஆக 25 சிலிண்டர்தான் கணக்கு. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 36, 37. சுட்ட செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. 250 கல் ஏற்றினால் போதும். 12 மில்லி கம்பி 40 அடி நீளத்தில் ஒன்று 10½ கிலோவுக்கு மேல் இருக்கும். 70 கம்பி. அதிலும் கம்பி வண்டிக்கு வெளியே ஆறேழு அடி நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போகிற அழகு இருக்கிறதே, அது தனிக் கதை. பின்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கவனிக்க.

அரிசியில் ஒரு வேடிக்கை நடந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். உடனே கடைகளில் 26 கிலோ பை வந்துவிட்டது! வரி தப்பியது. ஆனால் டிரைவர் பழைய பழக்கத்தில் மூட்டைகளை எண்ணித்தான் ஏற்றுகிறார். முன்பு 30 பை என்றால் 750 கிலோ. இப்போது அதே 30 பை 780 கிலோ. 30 கிலோ யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டது.

இதில் இன்னொரு விஷயத்தையும் மறக்கிறார்கள். டிரைவர், கிளீனர், டேங்கில் இருக்கிற டீசல் எல்லாமும் எடைதான். சரக்கின் மேலே உட்கார்ந்து வருகிற லோடுமேன் இரண்டு பேரும் எடைதான். (சரக்கு மேல் ஆள் உட்காரக் கூடாது என்பது வேறு விஷயம்.)

கண்ணை ஏமாற்றும் சுமை

நுரை மெத்தை ஏற்றிய வண்டியைப் பாருங்கள். வானத்தைத் தொடும். கயிறு கட்டி ஆடி அசைந்து போகும். ‘ஐயோ, எவ்வளவு லோடு!’ என்பார்கள். எடை போட்டால் 300 கிலோகூட இருக்காது. அதே வண்டியில் டைல்ஸ் பெட்டி ஏற்றினால் தொட்டியின் பாதி உயரம்கூட வராது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் ஓவர்லோடு! சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் கண்ணுக்கு உயரம் தெரியும். எடை எப்படித் தெரியும்?

தெரிய ஒரு வழி உண்டு. மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கை நுழைய இடமில்லை என்றால் வண்டி மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். முகப்பு விளக்கு ரோட்டைப் பார்க்காமல் எதிரே வருபவர் கண்ணைப் பார்த்தாலும் அதே அர்த்தம்தான். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தில் பிடிப்பு குறையும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். திருப்பினால் திரும்புகிற மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நேராகப் போகும்.

நாங்கள் வீடு மாறியபோது இதை நேரில் பார்த்தேன். பீரோ, கட்டில், கிரைண்டர், அரிசி டிரம், புத்தக மூட்டை என்று ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று ஆசை. மேம்பாலம் ஏறும்போது பாதியில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே "சார், இறங்கி சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்க" என்று கத்தினார். நான் கல்லைத் தேடி ஓடினேன். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து நின்றுகொண்டிருந்தது, நிறைய ஆட்களோடு. ஒரே நடையில் முடிக்கச் சொன்னது நான்தான். டிரைவர் இல்லை.

உடைவது எது?

முதலில் போவது டயர். அமுங்கிய டயர் சூடேறும். வெயில் காலத்தில் தார் ரோட்டுச் சூடும் சேர்ந்தால் வெடிக்கும். அடுத்தது ஸ்பிரிங் பட்டை. உடையாமல் இருக்க ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுக் கொள்கிறார்கள். வண்டி அமுங்காது, நிமிர்ந்து நிற்கும். ஆனால் பட்டைக்கு மட்டும்தான் பலம் கூடியது. பிரேக் அதே பழைய பிரேக். ஆக்சில் அதே ஆக்சில். இரண்டு மடங்கு எடை ஏற்றிய வண்டி, பிரேக் தன் முழு பலத்தையும் காட்டிய பிறகும், நிற்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் எடுத்துக் கொள்ளும். குறுக்கே ஸ்கூல் பையன் ஓடிவந்தால் அந்தத் தூரம்தான் எல்லாம்.

ரோடும் உடைகிறது. இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து சோதனை செய்தார்கள். கண்டுபிடித்தது இதுதான்: ஒரு ஆக்சில் மேல் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறத்தாழ 16 மடங்கு ஆகும்! நம் ஊரிலும் ரோடு கனத்தைத் தீர்மானிக்க 8.16 டன் ஆக்சிலைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சட்டம் இன்று அனுமதிக்கும் 11½ டன் ஆக்சில் ஒன்று போனாலே, அந்த அளவுகோல் ஆக்சில் நாலு போன மாதிரி. ஓவர்லோடில் அதையே 15 டன் ஆக்கினால் பதினொன்று போன மாதிரி. காண்டிராக்டர் சரியாகப் போடவில்லை என்று நாம் திட்டுகிறோம். சில இடத்தில் அதுவும் உண்மைதான். ஆனால் மணல் லாரி போகிற தெரு மட்டும் ஏன் முதலில் பெயர்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

யூனிட் கணக்கு

வீடு கட்டுபவர்கள் மணலையும் எம்.சாண்டையும் எடையில் கேட்பதில்லை. ‘யூனிட்’ கணக்கில்தான் கேட்கிறார்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காய்ந்த மணல் என்றால் சுமார் 4½ டன். ஈரமாக இருந்தால் அதற்கும் மேலே. மூன்று யூனிட் என்றால் 13½ டன்! 6 டயர் லாரிக்கு மொத்த எடையே 18½ டன்தான். வெறும் டிப்பரே 6½, 7 டன் இருக்கும். ஆக 12 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. ‘முழுசா மூணு யூனிட் வந்தாத்தான் பணம்’ என்று நாம் அளவு நாடாவோடு நிற்கிறோம். வாங்குகிறவர் கேட்பதும் ஓவர்லோடுதான், விற்கிறவர் தருவதும் ஓவர்லோடுதான்.

தண்ணீர் லாரியில் கணக்குப் போடுவது சுலபம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12 ஆயிரம் லிட்டர் என்று பக்கத்தில் எழுதியிருந்தால் 12 டன். மிச்சம் 6½ டன்னுக்குள் லாரியும் இரும்புத் தொட்டியும் அடங்கினால்தான் சட்டப்படி சரி. ஆர்.சி.யில் பழைய எடை அளவே இருக்கிற லாரி என்றால் கணக்கு எந்த வழியிலும் வராது.

ஏன் என்றால், இந்த 18½ டன் 2018-ல் வந்த அளவு. அதற்கு முன்பு 16.2 டன். அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு எல்லா ஆக்சில்களுக்கும் எடையை உயர்த்தியது. நாலு டயர் உள்ள பின் ஆக்சில் 10.2 டன்னில் இருந்து 11½ ஆனது. இரட்டை ஆக்சில் 19-ல் இருந்து 21. மொத்த உச்சவரம்பு 49 டன்னில் இருந்து 55 டன். ‘இனி ஓவர்லோடு ஏற்ற வேண்டிய அவசியமே இருக்காது’ என்றார்கள். நடந்தது என்ன? கூடுதலாகக் கிடைத்த எடை வாடகைப் போட்டியில் கரைந்துவிட்டது. ஒருவர் 12 டன் ஏற்றினால் பக்கத்து லாரிக்காரர் அதே வாடகைக்கு 15 டன் ஏற்றுகிறேன் என்கிறார். மாதத் தவணை கட்ட வேண்டியவர் என்ன செய்வார்? அவரும் ஏற்றுகிறார்.

இழுத்துச் செல்வதில் இன்னொரு ஆபத்து

எண்ணூர் நெடுஞ்சாலை, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு டிரெய்லர் லாரியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை அவர்கள் வாழ்க்கையில் ஒரு பகுதி.

டிரெய்லரில் எடை இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மொத்த எடை. முன்னால் 2 ஆக்சில் எஞ்சின் வண்டி, பின்னால் 2 ஆக்சில் டிரெய்லர் என்றால் 7, 11½, 21 கூட்டி 39½ டன். இதில் எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்து 13 டன் போனால், பெட்டிக்கு மிச்சம் 26½ டன்தான். ஆனால் கன்டெய்னர் பெட்டி முழுசாக ஏற்றினால் 30 டன்னைத் தாண்டும். அதற்கு 3 ஆக்சில் டிரெய்லர் வேண்டும். வாடகை கூட! 2 ஆக்சிலிலேயே தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டாவது, எடை உட்காரும் இடம். மொத்தம் சரியாக இருந்தாலும், பெட்டிக்குள் சரக்கு முழுக்க முன்பக்கம் குவிந்திருந்தால் எஞ்சின் வண்டியின் பின் ஆக்சில் நசுங்கும். ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் வளைவில் பெட்டி சாயும். பெட்டி பூட்டியிருக்கிறது, சீல் வைத்திருக்கிறது. உள்ளே எப்படி அடுக்கினார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. பெட்டியை டிரெய்லரோடு பிணைக்கும் நாலு மூலைப் பூட்டையும் போடாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஆட்டோவில் போகிறவர் சாமியைக் கும்பிட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

வெளிநாட்டில் சாதாரணக் குடும்பஸ்தர்கள்கூட இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். பிரிட்டனில் விடுமுறை வந்தால் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். (நம் சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் கேரவன் வேறு. அது தானே ஓடும் பஸ்.) புதிதாக இழுப்பவர்களுக்கு அங்குள்ள கேரவன் சங்கங்கள் சொல்லும் அறிவுரை: கேரவன் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 1,500 கிலோ கார் என்றால் 1,275 கிலோ. கொக்கி மேல் அழுத்தும் எடை கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் கேரவன் பாம்பு மாதிரி நெளிந்து காரையும் புரட்டிவிடும். கூடினால் காரின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். டிபன் பாத்திரம், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் எடை போட்டு, கனமானதை ஆக்சிலுக்கு நேர் மேலே தரையோடு வைக்கிறார்கள். பிக்னிக் போகிறவர்கள் பார்க்கிற கணக்கை, பிழைப்புக்காக 26 டன் இழுக்கிறவர்களுக்கு நாம் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். கன்டெய்னரில் ‘எடை தெரியாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. 2016 ஜூலை 1 முதல், எடை போட்டுச் சான்று கொடுக்காத ஏற்றுமதிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. கப்பல் கவிழக் கூடாது என்பதற்காக! அந்த எடை காகிதத்தில் கிலோ கணக்கில் இருக்கிறது. அதே காகிதத்தை வைத்தே டிரெய்லர் எடையையும் கூட்டிப் பார்த்துவிடலாம். கப்பலுக்குக் காட்டும் அக்கறையை ரோட்டுக்கும் காட்டினால் என்ன?

ரூ.20 ஆயிரம்!

மோட்டார் வாகனச் சட்டம் 113-வது பிரிவு: ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டக் கூடாது. 194-வது பிரிவு: மீறினால் 20 ஆயிரம் ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2 ஆயிரம். 2019 செப்டம்பர் 1-ந்தேதி வந்த உயர்வு இது. அதற்கு முன்பு 2 ஆயிரமும், டன்னுக்கு ஆயிரமும்தான். எடை போட நிறுத்தாமல் ஓட்டிப் போனாலோ, எடை போடும் முன்பு சரக்கை இறக்கினாலோ 40 ஆயிரம். 2 டன் கூடுதல் என்றால் 24 ஆயிரம், இறக்கு கூலி தனி. ஏனென்றால் கூடுதல் சரக்கை இறக்கும் வரை வண்டியை நகர விடக் கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

இந்தக் கடைசி வரிதான் நடப்பதில்லை. சில மாநிலங்களில் ஒரு காலத்தில் பணம் கட்டி அட்டை வாங்கிக்கொண்டால் ஓவர்லோடோடு போகலாம் என்றே வைத்திருந்தார்கள். 2005-ல் பரம்ஜித் பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குப் பூட்டுப் போட்டது. அபராதம் கட்டினால் மட்டும் போதாது, சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றது. இறக்கி எங்கே வைப்பது? நடு ரோட்டிலா? 2 டன் தக்காளியை இறக்கி வைத்தால் மாலைக்குள் ரசம்தான். அதிகாரிக்கும் இது தெரியும். அதனால் ரசீது போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ரசீதே இல்லாமலும் வண்டிகள் போகின்றன என்பதை ஊரே பேசுகிறது.

பிடிப்பதிலும் சிக்கல். சந்தேகப்பட்ட வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த மேடை, வண்டி போகும் வழியில் 10 கிலோ மீட்டருக்குள்ளோ, போய்ச் சேரும் இடத்தில் இருந்து 20 கிலோ மீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் அந்தப் பத்து கிலோ மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம். ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் போவதற்குள் ஐம்பது வண்டி தாண்டிவிடும். அபராதத்தை பத்து மடங்கு ஏற்றியவர்கள், மார்க்கெட் வாசலில் ஒரு எடை மேடையும், அதன் பக்கத்தில் சரக்கை இறக்கி வைக்க ஒரு கொட்டகையும் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். வெளியே வரும்போதே நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, அபராதம் யாருக்கு? சட்டத்தில் ‘ஓட்டுபவர்’ என்று மட்டும் இல்லை. ‘ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர்’ என்றும் இருக்கிறது. டிரைவர் சொந்தக்காரர் இல்லை என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று கோர்ட்டு கருதிக் கொள்ளலாம். ஆனால் ரோட்டில் நிற்பவர் டிரைவர். லைசென்சைக் கொடுப்பவர் டிரைவர். விபத்து என்றால் ஸ்டேஷனில் உட்காருபவரும் அவர்தான். ‘மூட்டையைப் போடு’ என்றவர் கடையில் கல்லாவில் இருப்பார். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் காகிதங்களில் ஆர்.சி.யும் லோடு ரசீதும் இருக்கும். அப்போது அந்த அஞ்சு மூட்டை வெளியே வரும்.

கடைக்காரர்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. வண்டி பேசும்போது வாடகையைக் கேட்கிற மாதிரி, ஆர்.சி.யையும் ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். அதில் இரண்டு எண் இருக்கும். வெறும் வண்டி எடை, சுமையோடு மொத்த எடை. பெரியதில் சின்னதைக் கழியுங்கள். டிரைவருக்கும் கூட வருகிறவருக்கும் 150 கிலோ தள்ளுங்கள். மிச்சத்தை மூட்டை எடையால் வகுத்தால் எத்தனை மூட்டை என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை பில்லின் பின்னால் எழுதி லோடுமேன் கையில் கொடுத்துவிட்டால், "இன்னும் அஞ்சு போடு" என்று யார் சொன்னாலும் அவர் எண்ணிப் பார்த்துத்தான் போடுவார். மிச்சம் இருக்கும் மூட்டைகளுக்கு இரண்டாவது நடை. அதற்கு எவ்வளவு கேட்பார் என்பதை முதல் நடைக்கு முன்பே பேசிக் கொள்ளுங்கள். பிறகு பேசினால் கூட்டித்தான் கேட்பார்.